கிரீஸ்வீசல் வி4: பலகை பாதி, டிரைவ் மீதி

பழைய அமிகா கணினியின் பிளாப்பி வட்டை யுஎஸ்பி பிளாப்பி டிரைவில் போட்டால் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். செய்துவிடாதீர்கள், வட்டில் ஒரு குறையும் இல்லை. அந்த டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலருக்கு பீசி பாணி செக்டர்களைத் (வட்டின் வளையத் தடமான டிராக்கின் துண்டுகள்) தவிர வேறெதுவும் தெரியாது. அமிகாவோ டிராக்குக்கு 11 செக்டர்களை நெருக்கி அடுக்கி 880 கேபி எழுதுகிறது. கமடோர் 64 கணினியின் 1541 டிரைவ் எழுதுவது ஜிசிஆர் என்ற குறியீட்டு முறையில்: வெளி டிராக்குகளில் 21 செக்டர், உள்ளே போகப் போகக் குறைந்து 17. மேகின்டாஷின் 800 கேபி டிரைவ் சுழலும் வேகத்தையே மாற்றிக்கொள்ளும்.

பிளாப்பி டிரைவையும் கணினியையும் யுஎஸ்பி வழியே இணைக்கும் சிறு மின்சுற்றுப் பலகை, கீர் ஃப்ரேசர் வடிவமைத்த கிரீஸ்வீசல். அது இந்த வம்புக்குள் போவதே இல்லை. வட்டில் காந்தத் திசை ஒருமுறை மாறி மறுமுறை மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மட்டும் அளந்து கணினிக்கு அனுப்புகிறது. 72 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், அதாவது சுமார் 14 நானோநொடி நுணுக்கம். டிடி (இரட்டை அடர்த்தி) வட்டில் எம்எஃப்எம் என்ற குறியீட்டு முறையின் இடைவெளிகள் 4, 6, 8 மைக்ரோநொடிதான் என்பதால் இது தாராளம். செக்டர் பிரிப்பதெல்லாம் கணினியில் ஓடும் மென்பொருளின் வேலை.

பீசி பிளாப்பி டிரைவைப் பலகையோடு இணைக்க 34 பின் ரிப்பன் கேபிள் போதும். சிவப்புக் கோடு 1-ஆம் பின் பக்கம் வர வேண்டும். டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்தால் கேபிளைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். முறுக்குள்ள முனை டிரைவ் ஏ, முறுக்கில்லாதது பி. 3.5 அங்குல டிரைவுக்குப் பலகையே 5 வோல்ட் தரும். 5.25 அங்குல டிரைவுக்கு 12 வோல்ட்டும் தேவை, தனி பவர் சப்ளை வையுங்கள்.

பழைய வட்டை முதலில் ஃபார்மேட் எதுவும் குறிப்பிடாமல் எஸ்சிபி கோப்பாகவே (அளந்த நேரங்களை அப்படியே சேமிக்கும் வகை) ரீட் செய்யுங்கள். பல பத்து எம்பி ஆகும், ஆகட்டும். ஏடிஎஃப் (அமிகா), டி64 (கமடோர்) கோப்புகளை அதிலிருந்து கன்வெர்ட் கட்டளையில் எடுத்துக்கொள்ளலாம். ஃபார்மேட்டைத் தவறாக ஊகித்திருந்தாலும் வட்டை மறுபடி சுழற்ற வேண்டியதில்லை. பூஞ்சை பிடித்த வட்டுக்கு இது உயிர் காக்கும் விஷயம். ஹெட்டில் (வட்டைப் படித்து எழுதும் முனை) ஒட்டும் அழுக்கு அடுத்த வட்டையும் கீறும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

படிப்பதில் குறை சொல்ல அதிகமில்லை. எழுதும்போதுதான் டிரைவ் தன் குணத்தைக் காட்டும். 5.25 அங்குல 1.2 எம்பி டிரைவின் ஹெட் 80 டிராக்குக்கானது, மெல்லியது. 40 டிராக் வட்டைப் படிக்க ஸ்டெப் 2 (ஒன்றுவிட்டு ஒரு டிராக்) என்று கொடுத்தால் வேலை முடிந்தது. அதே ஹெட்டால் பழைய 40 டிராக் வட்டின் மேல் எழுதினால் புதிய மெல்லிய கோட்டின் ஓரத்தில் பழைய தடம் மிஞ்சும். கிரீஸ்வீசல் சரியாகப் படித்துக் காட்டும். கமடோரின் அகன்ற ஹெட் இரண்டையும் சேர்த்து வாங்கிக் குழம்பும். காந்த அழிப்பானால் முழுதாக அழித்த டிடி வட்டில் எழுதுங்கள், அல்லது 40 டிராக் டிரைவே தேடுங்கள். 5.25 அங்குல எச்டி (உயர் அடர்த்தி) வட்டை டிடிக்குப் பதிலாகப் போடும் எண்ணமே வேண்டாம், அதன் காந்தப் பூச்சு வேறு.

இன்னொரு தொல்லை, திருப்பிப் போட்டு இரு பக்கமும் பயன்படுத்திய வட்டுகள். 1541க்கு இன்டெக்ஸ் துளை (சுற்றின் தொடக்கத்தைக் காட்டுவது) தேவையே இல்லை; பீசி டிரைவுக்குத் தேவை. திருப்பினால் துளை இடம் மாறி 'நோ இன்டெக்ஸ்' பிழை வரும். இதற்கென மாற்றியமைத்த டிரைவ் இருந்தால் நிம்மதி.

டி64 போன்ற செக்டர் கோப்பிலிருந்து எழுதினால் மென்பொருள் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். எஸ்சிபியிலிருந்து எழுதினால் அந்தச் சோதனை கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் வேறு மாதிரி படியும் பலவீன பிட்டுகளை நம்பிய நகல் தடுப்பும் அப்படியே பிரதியாகாது.

சாதாரண 720 கேபி எம்எஸ்எக்ஸ், அடாரி எஸ்டி வட்டுகள் மட்டும்தான் கையில் என்றால் இந்தப் பலகை இல்லாமலே யுஎஸ்பி டிரைவில் சமாளிக்கலாம். ஆனால் எஸ்டிக்காரர்கள் டிராக்குக்கு 10 செக்டர், 82 டிராக் என்று நெருக்கியிருந்தால் அதுவும் கைவிரித்துவிடும்.