பம்ப், பை, பாட்டில்: வேலைக்குப் போய்க்கொண்டே தாய்ப்பால் கொடுத்த அனுபவம்

பிரெஸ்ட் பம்ப் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதில் இழுவையைக் கூட்டிக் குறைக்க எத்தனை லெவல் இருக்கிறது என்பதைத்தான். ஒன்பதா, பன்னிரண்டா, அதற்கும் மேலா என்று. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து குழந்தை ஒரு வயதைத் தாண்டும் வரை பம்ப்பும் கையுமாகவே இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. என் மெஷினில் உச்ச லெவலுக்கு நான் போனதே இல்லை, பாதியிலேயே நின்றுவிட்டேன். வலிக்க வலிக்க இழுத்தால் பால் நிறைய வரும் என்று நினைக்கிறோம், நடப்பது நேர் எதிர். பாலை வெளியே தள்ளுவது மெஷின் இல்லை, ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன். வலித்தாலோ பதறினாலோ அது வேலை செய்யத் தயங்கும். இறங்கி வந்த பாலை வாங்கிக்கொள்வது மட்டும்தான் மெஷினின் வேலை.

நான் பயன்படுத்தியது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சார பம்ப். கூடவே ஒரு கைப்பம்ப், பிற்பாடு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் ஒயர்லெஸ் வகை. மூன்றையும் பற்றிச் சொல்கிறேன். ஆனால் முதலில் புனல்.

மார்பில் பொருத்தும் அந்தப் பிளாஸ்டிக் புனலுக்கு அளவு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மி.மீ., சிலவற்றில் 28. காம்பின் அடிப்பகுதி எத்தனை மி.மீ. அகலம் என்று ஸ்கேலை வைத்து அளந்து (சுற்றியிருக்கும் கருவட்டத்தைச் சேர்க்காமல்) அதற்குக் கொஞ்சமே கூடுதலான அளவு எடுக்க வேண்டும். எனக்குச் சரியாக வந்தது 19. பெரிய புனலில் கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டு, எடுத்து முடித்ததும் காம்பைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும், பாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சின்னதுக்கு மாறிய முதல் தடவையே வலி போனது, நேரமும் மிச்சமானது. அளவு மாற்றும் சிலிக்கான் வளையம் தனியாகக் கிடைக்கிறது, புது மெஷின் தேட வேண்டியதில்லை.

அடுத்தது வால்வ். வாத்து அலகு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன சிலிக்கான் துண்டு. சில மாதம் கழித்து எனக்குப் பால் குறைய ஆரம்பித்தது, 'அவ்வளவுதான், வற்றிவிட்டது' என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். வால்வை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், இறுக மூடியிருக்க வேண்டிய கீறல் லேசாக வாய் பிளந்து கிடந்தது. அவ்வளவு போதும், காற்று கசிந்து இழுவை போய்விடும், மோட்டார் மட்டும் வழக்கம்போல் உறுமிக்கொண்டிருக்கும். தினமும் மூன்று நான்கு முறை எடுப்பவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதை மாற்றிவிடுவது நல்லது. கழுவும்போது பிரஷ்ஷை உள்ளே விட்டுக் குடையக் கூடாது, அந்தக் கீறல்தான் முதலில் கெடும். நீண்ட நாள் பயன்பாட்டில் மெஷின் பழுதானது என்று நான் சொல்லக்கூடியது பேட்டரி மட்டும்தான், போகப் போக சார்ஜ் நிற்கும் நேரம் குறைந்தது. மற்றதெல்லாம் இந்த ரப்பர் சமாச்சாரம்தான்.

பம்ப் வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று, புனலையும் மோட்டாரையும் இணைக்கும் டியூபுக்குள் பால் போகாமல் தடுக்கும் மூடிய அமைப்பா என்பது. திறந்த அமைப்பில் ஈரம் டியூபுக்குள் ஏறி, உள்ளே பூஞ்சை பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மெஷினுக்குள் போய்விட்டால் சுத்தம் செய்யவும் வழியில்லை.

ஒயர்லெஸ் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே எடுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் சத்தமே இல்லை என்பது விளம்பரம். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். குனிந்தால் சிந்தும். கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது! பெரிய மெஷினில் கிடைப்பதைவிட எனக்கு இதில் குறைவாகவே கிடைத்தது. பயணத்துக்கும், எப்போதாவது ஒரு தடவைக்கும் சரி. நாள் முழுக்க இதை மட்டும் நம்பி இருப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதைவிட யாரும் மதிக்காத கைப்பம்ப் எனக்கு அதிகம் உதவியது, கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை, மார்பு கல்லாகக் கட்டிக்கொண்ட நேரத்தில் ஐந்து நிமிடத்தில் ஆசுவாசம். வெறும் கையால் பீய்ச்சவும் ஒருமுறை கற்று வைத்துக்கொள்ளுங்கள். டியூபை வீட்டில் மறந்துவிட்டுப் போகும் நாள் எல்லோருக்கும் வரும்.

சரி, எவ்வளவு எடுக்க வேண்டும்? இந்தக் கேள்விதான் அம்மாக்களின் தூக்கத்தைக் கெடுப்பது. ஃப்ரீசர் நிறையப் பால் பைகளை அடுக்கி வைத்திருக்கும் படங்களைப் பார்த்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மி.லி. போதும், பவுடர் பால் மாதிரி வயது ஏற ஏற அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. அதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால், நீங்கள் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 முதல் 40 மி.லி. ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தால் 270 முதல் 360 வரை. இன்று எடுத்தது நாளைக்கு, அவ்வளவுதான் கணக்கு. முதல் நாளுக்குத் தேவையானதும், கொட்டிப்போனால் ஈடுகட்டக் கொஞ்சமும் கையில் இருந்தால் தைரியமாகப் போகலாம்.

இந்தக் கணக்கை உடைப்பது பாட்டில்தான். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட என் அம்மா ஆரம்பத்தில் தினமும் போன் செய்து 'பத்தலம்மா, இன்னும் கேக்குது' என்பார். பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்த்துக் கொடுத்தால் குழந்தை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பால் வாய்க்குள் கொட்டும், நிமிடங்களில் காலியாகிவிடும், வயிறு நிறைந்தது மூளைக்கு எட்டுவதற்குள் அடுத்த பாட்டில் கேட்கும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்த மாதிரி பிடித்து, பாட்டிலைக் கிடைமட்டமாக வைத்து, மெதுவாக வரும் நிப்பிளில், நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கொடுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு அது பிள்ளையை ஏமாற்றுகிற மாதிரி இருந்தது, கொஞ்சம் மனஸ்தாபம்கூட. ஆனால் ஒரு வாரத்தில் 'பத்தல' நின்றுவிட்டது.

எடுத்து வைப்பதில் பல விதிகள் சுற்றுகின்றன, நான் பின்பற்றியது இது. அப்போது எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரையான அறையில் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும், பன்னிரண்டு மாதம் வரை பரவாயில்லை. அறை அதைவிடச் சூடாக இருந்தால் நேரம் குறையும். ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம் தாங்கும். உறைந்ததை ஃப்ரிட்ஜில் உருக வைத்தால், முழுக்க உருகியதிலிருந்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதனால் பைகளைச் சின்னச் சின்ன அளவாக, 60 மி.லி., 90 மி.லி. என்று நிரப்புங்கள். பெரிய பையில் மிச்சமாகும் பாலைக் கீழே ஊற்றும்போது வருகிற ஆத்திரம் எடுத்தவளுக்குத்தான் தெரியும். மைக்ரோவேவ் கூடவே கூடாது, ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் இன்னொரு பக்கம் வாய் வேகிற சூட்டிலும் இருக்கும். மேலே மஞ்சளாக ஏடு பிரிந்து நிற்பது கெட்டுப்போனது இல்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

உருக்கிய பாலில் சோப்பு வாடை அடித்தால் பயப்பட வேண்டாம், கொழுப்பை உடைக்கும் லிபேஸ் என்ற நொதியின் வேலையாக அது இருக்கலாம் என்கிறார்கள். தீங்கில்லை, ஆனால் சில குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படியானால் எடுத்த உடனேயே, ஓரத்தில் சின்னக் குமிழி கட்டும் வரை மட்டும் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்து உறைய வைக்கலாம். உறைந்த பிறகு செய்து பயனில்லை. நிறையச் சேர்த்து வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பையை உருக்கி முகர்ந்து பார்த்துவிடுங்கள்.

வேலையிடம்... இங்கேதான் எனக்கு அதிகம் எரிச்சல். இடம் கேட்டால் கழிவறையைக் காட்டினார்கள். உங்கள் மதியச் சாப்பாட்டை அங்கே தயாரிப்பீர்களா என்று கேட்டேன், சிரித்தார்கள், அப்புறம் யாரும் பயன்படுத்தாத ஒரு ஸ்டோர் ரூமுக்குச் சாவி வந்தது. இது யாரோ போடும் தர்மம் இல்லை. பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் தினம் இரண்டு அரை மணி நேரம் தர வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு எழுதி வைத்தது 1919-இல். 2000-இல் வந்த 183-ஆம் உடன்படிக்கை அந்த இடைவேளையை வேலை நேரமாகவே கணக்கிட்டுச் சம்பளம் தரச் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று லீவு முடிவதற்கு முன்னாலேயே பார்த்து, எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை புது மேனேஜர் வந்தால் காற்றில் போகும்.

பம்ப் நேரங்களைக் காலண்டரில் மீட்டிங் மாதிரியே போட்டு வைத்தேன். எடுக்காமல் தள்ளிப்போட்டால் இரண்டு நஷ்டம், ஒன்று பால் கட்டிக்கொள்ளும், இன்னொன்று மார்பு நிறைந்தே இருந்தால் 'இவ்வளவு போதும்' என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். கட்டி வந்தபோது எல்லோரும் சொன்ன வைத்தியம் சூடு ஒத்தடம், அழுத்தித் தேய்ப்பது, காலியாகும் வரை பம்ப் செய்வது. தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டல் இதைத் திருப்பிப் போட்டுவிட்டது. பிரச்சினை வீக்கம், அதனால் குளிர் ஒத்தடம், அழுத்தித் தேய்க்காமல் இருப்பது, குழந்தைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் எடுப்பது. எனக்கு அது கேட்டது. காய்ச்சல் நடுக்கம் வந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வேலை வாரத்தின் கடைசி நாளில் எனக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். விடுமுறை நாட்களில் பம்ப்பைத் தொடாமல் குழந்தையையே குடிக்கவிட்டால் வாரத்தின் முதல் நாள் பாட்டில் பழையபடி நிறையும். மாதவிலக்கு திரும்பியதும் அதையொட்டிச் சில நாள் குறையும், பிறகு தானே சரியாகும். எந்த மெஷினும் குழந்தையின் வாய்க்கு ஈடில்லை என்பது இப்படித்தான் எனக்கு உறைத்தது. காலை கிளம்பும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, அப்புறம் ராத்திரி முழுக்க. என் குழந்தை பகலில் பாட்டிலைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு ராத்திரியில் அதையெல்லாம் வட்டியோடு வசூலித்தது. தூக்கம் போச்சு என்று புலம்பினாலும், பாலைத் தூண்டும் புரொலாக்டின் இரவில்தான் கூடுதல் என்பதால் என் சுரப்பு குறையாமல் நிலைத்தது அதனால்தான். பக்கத்திலேயே படுக்கவைத்து, பாதித் தூக்கத்தில் கொடுத்துப் பழகினேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு திட உணவு சேர்ந்ததும் நெருக்கடி தளர்ந்தது. ஒரு வயதுக்குப் பிறகு வேலையிடத்தில் எடுப்பதை ஒவ்வொன்றாகக் குறைத்தேன், ஒன்றை நிறுத்திச் சில நாள் விட்டு அடுத்தது, இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளும். பம்ப்பை நிறுத்தினால் தாய்ப்பாலும் நின்றுவிடும் என்பது இல்லை, காலையும் இரவும் நேரடியாகக் கொடுப்பது இன்னும் ஓடுகிறது. உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கச் சொல்கிறது, இந்த வேகத்தில் போனால் முடியும் போலத்தான் இருக்கிறது. மெஷினை அடுத்து ஒரு தோழி கேட்டிருக்கிறாள். ஒருவர் மட்டும் பயன்படுத்தச் சொல்லி விற்கும் ரகம் அது, அதனால் கொடுக்கவில்லை, புனல் அளக்கும் ஸ்கேலையும் அந்த ஐஸ் பையையும் மட்டும் கொடுத்தேன்.