பெர்லின் முறையில் பள்ளிப் பழக்கம்: எங்கே கைகொடுக்கும், எங்கே சொதப்பும்

வாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, ‘படிப்படியாகப் பழக்குகிறோம்’ என்று சொல்லிச் சேர்க்கை நடத்தும் மழலையர் பள்ளிகள் உண்டு. இந்த வகையில் ஒழுங்காக வகுக்கப்பட்டது, 1980களில் பெர்லினில் உருவான முறை. ஜெர்மனியின் குழந்தைகள் காப்பகங்களில் இது பரவலாகப் புழங்குகிறது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்காகச் செய்ததுதான். ஆனாலும் மூன்று நான்கு வயதில் முதன்முறையாக வீட்டை விட்டுப் போகும் பிள்ளைக்கும் நன்றாகவே பொருந்தும்.

முதல் மூன்று நாள் பிரிவு என்ற பேச்சே கிடையாது. அம்மாவோ அப்பாவோ ஒருவர், தினமும் அதே ஆள், பிள்ளையோடு வகுப்புக்குள் போய் ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். நுணுக்கம் எல்லாம் எப்படி உட்காருகிறார் என்பதில்தான். சுவரோரமாக ஓர் இடம், தினமும் அதே இடம். ‘போ, போய் விளையாடு’ என்று தள்ளக் கூடாது. மடியில் வந்து ஏறினால் இறக்கிவிடவும் கூடாது. தானே பொம்மையை எடுத்து விளையாட்டுக் காட்ட ஆரம்பித்தால் டீச்சருக்கு உள்ளே நுழைய இடமில்லாமல் போகும். கைபேசியை நோண்டுவது இன்னும் மோசம். விளையாட்டின் நடுவே பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கும். பெற்றவர் கண் அங்கே இல்லையென்றால் விளையாட்டை விட்டு எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான்காம் நாள் முதல் சோதனை. வந்து சில நிமிடம் ஆனதும், முகத்தைப் பார்த்து ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆனால் கூப்பிட்டால் வரும் தூரத்தில், பக்கத்து அறையில் இருக்க வேண்டும். பிள்ளை அழுதாலும் டீச்சர் தூக்கியதும் அடங்கினால் அரை மணி வரை விடலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் தேறவில்லையா, உடனே பெற்றவரை உள்ளே அழைத்துவிட வேண்டும். அடுத்த முயற்சி ஏழாம் நாளுக்கு முன்னால் இல்லை. நான்காம் நாள் திங்கட்கிழமையாக விழுந்தால் பிரிவைச் செவ்வாய்க்குத் தள்ளிவிடுவார்கள். வார விடுமுறை முழுக்க வீட்டில் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு அன்று இடமே பாதி புதிதாகியிருக்கும்.

அதற்குப் பிறகு ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் ஒவ்வொன்றாக டீச்சர் கைக்கு மாறும். சீக்கிரம் ஒட்டுகிற பிள்ளைக்கு ஆறு நாள் போல ஆகும், மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரம். பழகிவிட்டது என்பதற்கு இந்த முறை வைத்திருக்கும் அளவுகோல்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது: பிள்ளை அழாமல் இருக்க வேண்டும் என்பதில்லை, அழும்போது டீச்சரிடம் சமாதானமானால் போதும்.

குறைகளும் உண்டு. எல்லாமே ஒரே டீச்சர் மேல் நிற்கிறது. நடுவில் அவர் நான்கு நாள் விடுப்பில் போனால் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபது பேரை ஒரே நாளில் சேர்த்துக்கொண்டு ‘நாங்களும் இந்த முறைதான்’ என்று சொல்லும் பள்ளியை நம்ப வேண்டாம். ஒரு டீச்சரால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேரைத்தான் உருப்படியாகப் பழக்க முடியும். இரண்டு மூன்று வாரம் விடுப்பு கிடைக்காத பெற்றோருக்கு இது பெரிய சுமை. பாட்டியோ தாத்தாவோ உட்காரலாம், பிள்ளைக்கு அவரிடம் ஒட்டுதல் இருந்தால்.

முறையைக் கெடுப்பது பெரும்பாலும் பெற்றோரின் அவசரம். பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு நழுவுவது அன்றைக்கு அழுகையை மிச்சப்படுத்தும். மறுநாளிலிருந்து முந்தானையை விடாது. சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து முத்தம் கொடுப்பதும் அதே அளவு கெடுதல். ‘பதினோரு மணிக்கு வரேன்’ என்பது அதற்குப் புரியாது. ‘கதை சொல்லி முடிச்சதும் வரேன்’ என்று சொல்லி, அப்படியே வந்து நிற்க வேண்டும். அம்மாவைவிட அப்பாவிடம் எளிதாகப் பிரியும் என்றால் அப்பாவே கொண்டுவிடட்டும்.

அழாத பிள்ளைதான் பலரையும் ஏமாற்றும். முதல் வாரம் எல்லாம் புதுசாக இருந்து குஷியாகப் போய்விட்டு, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ‘தினமும் போகணுமா?’ என்று உறைத்ததும் முரண்டு பிடிக்கும். அப்போது ஒன்றிரண்டு நாள் நேரத்தைக் குறைத்தால் போதும். முழுக்க நிறுத்திவிட்டால் மறுபடி அனுப்புவது பெரும்பாடு.

வீட்டிலிருந்து ஒரு துணியோ பொம்மையோ கூடப் போகட்டும். ஒரே மாதிரி இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டிலும் ஒரே வாசனை ஏறும், ஒன்று தொலைந்தாலும் சமாளிக்கலாம். புதிதாக ஆரம்பிக்கும் வாரத்தில் துவைக்காதீர்கள்.

ஏற்கனவே வேறு இடத்தில் இருந்து பழகிய பிள்ளைக்கு இவ்வளவும் தேவைப்படாது, இரண்டு மூன்று நாளிலேயே ஒட்டிவிடும். சேர்ப்பதற்கு முன்னால் பள்ளியிடம் கேட்க வேண்டியவை: பழக்கப்போகும் டீச்சர் யார், அவர் வராத நாளில் யார் பார்ப்பார்கள், தேறாவிட்டால் எத்தனை நிமிடத்தில் பெற்றோரை உள்ளே விடுவார்கள், பழகும் வரை அரை நாளோடு அனுப்ப ஒத்துக்கொள்வார்களா. கடைசிக் கேள்விக்கு ‘முழு நாள்தான்’ என்று பதில் வந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் அது இந்த முறை இல்லை.