வெளிச் சென்சர் பூட்டிய பொயிலர்: நான்கு குளிர்கால அனுபவம்

டொரோன்டோவின் ஸ்காபரோவில் இருந்தவரை வீட்டைச் சூடாக்குவதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஃபேர்னஸ் இருந்தது. தெர்மோஸ்டாற்றில் 21 வைத்தால் தரையிலுள்ள ஓட்டைகளால் சுடுகாற்று வரும், அவ்வளவுதான். 2021 கோடையில் ஈஸ்ட் யோர்க்கில், 1920களில் கட்டிய ஒரு செங்கல் வீட்டுக்கு மாறினோம். அறைக்கு அறை வார்ப்பிரும்பு ரேடியேற்றர், பேஸ்மன்ற் சுவரில் ஒரு கேஸ் பொயிலர். தண்ணீரைச் சூடாக்கி வீடு முழுக்கச் சுற்றவிடுகிற ஏற்பாடு.

முதல் குளிர்காலம் ஒன்றையும் தொடவில்லை. ரேடியேற்றரில் கை வைத்தால் சுட்டுவிடும். வெளியே மைனஸ் 15 என்றாலும் பிளஸ் 8 என்றாலும் தண்ணீர் அதே 80 பாகைதான். 2022 மார்ச்சில் ஒருநாள் உடுப்புத் தோய்க்கப் போனபோது கவனித்தேன்: பொயிலர் பற்றுகிறது, மூன்று நிமிடம் எரிகிறது, அணைகிறது, சற்று நேரத்தில் திரும்பப் பற்றுகிறது. கடுங்குளிருக்கு அளவான சூட்டை இளங்குளிருக்கும் கொடுத்தால் வேறு என்ன செய்யும்? பக்கத்துக் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே பிரிக்காத வெளிச் சென்சர். பொயிலரோடு வந்த சாமான். யார் பூட்டினார்களோ, இதைப் பூட்டாமலே போய்விட்டார்கள்.

அந்தச் சென்சரின் வேலை எளிது. வெளியே எவ்வளவு குளிர் என்று பொயிலருக்குச் சொல்லும். குளிர் கூடினால் தண்ணீரின் சூடு கூடும், குறைந்தால் குறையும். இங்கே இதை அவுட்டோர் ரீசெட் என்பார்கள். இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் நடுவில் உள்ளதைப் பொயிலரே கணக்குப் பார்த்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோட்டைத்தான் வளைவு என்பது. இப்போது என் புள்ளிகள்: வெளியே மைனஸ் 20 என்றால் தண்ணீர் 65, பிளஸ் 18 என்றால் 30. அதாவது வெளியே பூச்சியமாக இருக்கும் நாளில் கிட்டத்தட்ட 47.

இதில் காசு எங்கே மிச்சமாகிறது? என்னுடையது கொண்டென்சிங் பொயிலர். கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அது புகையோடு வெளியே போய்விட்டால் கேஸில் இருந்த சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதோடு போகும். ரேடியேற்றர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் நீராவி பொயிலருக்குள்ளேயே தண்ணீராகி அந்தச் சூட்டைத் திருப்பித் தரும். 80இல் ஓடவிட்டால் விலை கூடிய கொண்டென்சிங் பொயிலரைச் சாதாரணப் பொயிலராக்கி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். சோதிக்க மீற்றர் ஒன்றும் தேவையில்லை. கறி போட்டு ஃபிரீசரில் வைக்கிற பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றை வடிகுழாய்க்குக் கீழே வைத்தேன். 80இல் ஓடியபோது ஒரு மணித்தியாலத்தில் அடி நனைந்தது, அவ்வளவே. சூட்டைக் குறைத்த பிறகு அதே பெட்டி பொங்கி வழிந்தது. அந்தத் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சுண்ணாம்புக்கல் போட்ட ஒரு சிறு குழாய் இருக்கிறது. வருடத்துக்கொருமுறை கல்லை மாற்றுகிறேன்.

சென்சரைப் பூட்டியதில் முதல் பிழை என்னுடையது. வயர் இழுக்கச் சுகம் என்று தெற்குச் சுவரில் பூட்டினேன். ஜனவரி மதியம், நல்ல வெயில், வெளியே மைனஸ் 8. பொயிலரின் திரையிலோ பிளஸ் 6. பொயிலர் அதை நம்பித் தண்ணீரை ஆறவிட்டது, வீடு குளிர்ந்தது. அடுத்த சனிக்கிழமையே ஏணி வைத்து வடக்குச் சுவருக்கு மாற்றினேன். ட்ரையர் புகைக்குழாய்க்குப் பக்கத்திலும் பூட்டக்கூடாது.

உண்மையான தலையிடி அம்மா. அவவுக்குச் சூடு என்றால் ரேடியேற்றரில் வைத்த கை சுடவேணும். வளைவைக் குறைத்த முதல் வாரம் தினமும் ஒரே கதை: "தம்பி, இது சுடேல்லை. ஆரையும் கூப்பிட்டுக் காட்டு. செத்த சாமான் மாதிரிக் கிடக்கு." சுவரில் உள்ள வெப்பமானி 21.5 காட்டுகிறது என்றால், "அது பொய் சொல்லும், என்ரை கை சொல்லாது" என்றா. இளஞ்சூடான ரேடியேற்றர் இருபத்துநாலு மணித்தியாலமும் மெதுவாகச் சூடு விடுவதுதான் நோக்கம் என்று விளக்கி நான் வெல்லவில்லை. உறை ஊற்றிய பால்சட்டியை மடித்த துவாயில் வைத்து ரேடியேற்றருக்கு மேலே விட்டா. முன்பு திரிந்துபோகும், இப்போது கட்டித் தயிர். அதற்குப் பிறகு முறைப்பாடு பாதியாகக் குறைந்தது. காலுறை காய நேரம் எடுக்கிறது என்பது மிச்சப் பாதி.

எண்களை ஒரே நாளில் குறைக்காதீர்கள். நான் 80, 72, 68, 65 என்று இறங்கினேன், ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று நாள் பொறுத்து. வார்ப்பிரும்பும் செங்கல் சுவரும் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடுபவை. மகளின் வடக்கு அறை மட்டும் 19ஐத் தாண்டவில்லை. ஒரு அறைக்காக வளைவையே தூக்கவிருந்தேன். பார்த்தால் அந்த ரேடியேற்றரின் மேல்பாதியில் காற்று. சாவியால் திறந்து காற்றை வெளியேற்றி, மற்ற அறைகளின் வால்வுகளைக் கொஞ்சம் இறுக்கியதும் சரிவந்தது.

இரவில் 17க்கு இறக்கிக் காலையில் 21க்கு ஏற்றும் ஃபேர்னஸ் பழக்கமும் இதோடு ஒத்துவராது. வளைவு தருவது வீட்டை அதே நிலையில் வைத்திருக்கத் தேவையான சூட்டை மட்டும். நாலு பாகை ஏறி முடியக் காலை ஒன்பது மணியாகிவிடும். இப்போது இரவில் ஒரே ஒரு பாகைதான் குறைக்கிறேன்.

குளிக்கும் சுடுதண்ணீர்த் தாங்கியும் இதே பொயிலரில்தான். லெஜியனெல்லா கிருமிக்காகத் தாங்கியை 60இல் வைத்து, கலக்கும் வால்வு மூலம் பைப்புக்கு 49இல் விடுகிறேன். தாங்கி சூடு கேட்டால் பொயிலர் வீட்டைக் கைவிட்டு முதலில் அங்கேதான் போகும். கலியாணத்துக்கு வந்த ஆறு பேர் வரிசையாகக் குளித்த காலை வீடு 19க்கு வந்துவிட்டது. டெக்னீஷியன் மெனுவில் அந்த முன்னுரிமைக்கு நேர எல்லை இருக்கிறது. 30 நிமிடம் ஆக்கினேன். அந்த மெனுவுக்குள் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படமெடுத்து வையுங்கள். கேஸ் வால்வு, எரிப்பு அமைப்புகளைத் தொடவே வேண்டாம், அது உரிமம் உள்ள ஆளின் வேலை.

மிச்சம் எவ்வளவு என்று டொலரில் பார்த்தால் ஏமாறுவீர்கள். கார்பன் கட்டணம் வருடா வருடம் ஏறி, 2025 ஏப்ரலில் பில்லிலிருந்தே போய்விட்டது. 2023-24 குளிர்காலமோ கனடா முழுவதுமே வழக்கத்தைவிட இதமாக இருந்தது. ஆகவே எரித்த கேஸின் கன மீற்றரை, 18 பாகையை அடியாக வைத்துச் சுற்றாடல் திணைக்களம் வெளியிடும் குளிர்நாள் கணக்கால் (ஒவ்வொரு நாளும் 18க்கு எத்தனை பாகை கீழே என்று கூட்டிய எண்) வகுத்துப் பார்க்கிறேன். முதல் வருடத்தோடு ஒப்பிட்டால் என் வீட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே குறைவு.

தீராத ஒன்று இன்னும் இருக்கிறது. வெளியே 17ஐத் தாண்டினால் பொயிலர் தானாக நிற்கும்படி வைத்திருந்தேன். மே மாதத்தில் பகல் 19, இரவு 7. மாலையில் அது திரும்பப் பற்றும்போது செங்கல் சுவரில் பகல் வெயிலின் சூடு இன்னும் இருக்கிறது. பத்து மணிக்கு யன்னலைத் திறக்கவேண்டியிருக்கிறது. 14க்குக் குறைத்துப் பார்த்தேன், விடிய அம்மா ஸ்வெற்றரோடு வந்து நின்றா. இப்போதைக்கு 16.