"ஆயுள் உரிமம்" என்று ஸ்கெட்ச்அப், விரே விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்: என் 1,650 வெள்ளி போய்விட்டது

நேற்றிரவு 11 மணிக்கு, இவற்றை எனக்கு விற்ற ஆள் என்னை பிளாக் செய்துவிட்டான். 1,650 வெள்ளி. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஸ்கெட்ச்அப் முப்பரிமாண மாடல் கட்டும் மென்பொருள்; விரே அந்த மாடலை ஒளி நிழலோடு நிஜப் படம் போல ஆக்கும் ரெண்டர் மென்பொருள். ரெண்டர் மென்பொருளை எப்படிப் பார்த்து எடுப்பது என்றும் சொல்கிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீடு, கடை புதுப்பிப்பவர்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுப்பது என் தொழில். எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருப்பணிக்கு, ரசீதுப் புத்தக அட்டையில் போட மூன்று நிலைக் கோபுரத்தின் படம் கேட்டார்கள். கோபுரம் சுலபமான வேலை இல்லை. சுதைச் சிற்பங்களால் மாடல் கனத்துவிடும், சாயங்கால வெயில் அவற்றின் மடிப்புகளில் விழுந்து நிழல் காட்ட வேண்டும். அதற்கு விரே வேண்டும் என்று நினைத்தேன்.

இணையச் சந்தை ஒன்றில் ஒரு கடை. இரண்டு மென்பொருளும் சேர்த்து ஆயுள் உரிமம், 1,850 வெள்ளி. கேள்வி கேட்டு எழுதினேன், அவனே போன் போட்டான். நல்ல தமிழ்.

"தம்பி, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கம்மா ரப்பர் பால் வெட்டித்தான் எங்கள வளத்தாங்க. கோயில் வேலையா? அப்ப லாபம் பாக்க மாட்டேன். அங்க கட்டுனா கமிஷன் புடிப்பான், நேரா பேங்க்ல போடுங்க, 1,650 போதும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "பாவம், நம்ம பிள்ள மாதிரி பேசுது" என்றார். அம்மாவும் பால் வெட்டியவர்தான். அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். தூரத்திலிருந்தே என் கணினியை இயக்கி, சுட்டி தானாக நகர, மென்பொருளை நிறுவித் திறந்தும் காட்டினான். பணம் போடும்போது கணக்கில் வேறு பெயர் வந்தது. "வீட்டுக்காரம்மா கணக்கு" என்றான். சரி என்று அழுத்திவிட்டேன்.

16 நாள் ஓடியது. போன வாரம், உரிமம் செல்லாது என்று நின்றுவிட்டது. "சர்வர் மாத்துறாங்க, ரெண்டு நாள்" என்றான். அப்புறம், "உங்க விண்டோஸ்தான் கோளாறு, அழிச்சிட்டுப் போடுங்க." அழித்தும் போட்டேன்! அதன் பிறகு நீல டிக் மட்டும், பதில் இல்லை. நேற்று பணத்தைக் கேட்டேன், பிளாக். சந்தைக்காரர்களோ, வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதிலை மூன்று தடவை ஒட்டி அனுப்பினார்கள். போலீஸ் ரிப்போர்ட் போட்டாயிற்று.

வயிறு எரிவது இதற்குத்தான்: ஸ்கெட்ச்அப் 2020-லேயே ஆயுள் உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது. சந்தா மட்டும்தான். அவன் கொடுத்தது எங்கோ ஒரு கல்லூரி மாணவர் கணக்கு. உள்ளே நுழைந்த மின்னஞ்சல் என்னுடையதே இல்லை, அதைப் பார்த்தும் உறைக்கவில்லை. மாணவர் உரிமத்தில் காசுக்கு வேலை செய்யவும் கூடாது.

சரி, அவசரமாகச் சொல்கிறேன். உரிமம் உங்கள் மின்னஞ்சலில் இல்லையென்றால் வாங்காதீர்கள். சந்தைக்கு வெளியே காசு போடாதீர்கள். கணக்கு எண்ணை முதலில், மோசடிக் கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். பணம் போனால் அன்றைக்கே மோசடிப் புகார் எண் 997-க்கு அழையுங்கள், என்னைப் போல நாள் கடத்தாதீர்கள். நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு ட்வின்மோஷன் என்ற ரெண்டர் மென்பொருள் இலவசம், ஆண்டு வருமானம் 10 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டினால்தான் காசு. மாடலும் ரெண்டரும் சேர்ந்தே செய்யும் ப்ளெண்டர் எல்லாருக்கும் இலவசம். அதற்குள் ஈவீ, சைக்கிள்ஸ் என்று இரண்டு ரெண்டர் முறைகள் உண்டு; ஈவீயில் வேகமாக ஒத்திகை பார்த்து, கடைசிப் படத்தை சைக்கிள்ஸில் எடுக்கலாம். 1,650 வெள்ளி கொடுக்க வேண்டிய அவசியமே எனக்கு இருந்ததில்லை.

கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு வேண்டும் என்று எழுத நினைத்தேன், இப்போது முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம். ட்வின்மோஷன் ஸ்கெட்ச்அப் கோப்பை நேரே திறந்துவிட்டது, ஆனால் விரேயில் கொடுத்த பொன்பூச்சு வரவில்லை. மூன்று கலசமும் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.