கிரேக்கச் சொல் தேடல்: வேதாகம மென்பொருள்களோடு பல வருட அனுபவம்

சபையில் வேதபாடம் எடுக்கிறவன் நான். இறையியல் கல்லூரியில் படித்ததில்லை. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குத் தெரியும். லேப்டாப்பில் இ-சோர்டும் தி வேர்டும், ஃபோனில் மைசோர்டும், பிற்பாடு கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிளும் என்று பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். விண்டோஸில் இ-சோர்டு உட்பட இவை எல்லாம் காசு கொடுக்காமல் கிடைப்பவை. வேதபாடத்துக்குத் தயாரிக்கிற ஒருவருக்கு இவையே தாராளமாகப் போதும் என்பதுதான் என் முடிவு. ஆனால் எந்தக் கிரேக்கப் பிரதியில் தேடுகிறோம், சொல்லின் எந்த வடிவத்தைத் தேடுகிறோம் என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் சொல்லுக்குரிய எண்ணைத் தட்டி, வருகிற பட்டியலை அப்படியே பிரசங்கத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எல்லாரும் ஆரம்பிக்கிற இடம் ஸ்ட்ராங்ஸ் எண். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-ல் வெளியிட்ட ஒத்துவாக்கிய அகராதியில் (எந்தச் சொல் எந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் நூல்) கிரேக்கச் சொற்களுக்கு 1 முதல் 5624 வரை எண் கொடுத்தார். நடுவே 2717-ம், 3203 முதல் 3302 வரையும் காலி. அந்த எண்களைத் தட்டி எதுவும் வரவில்லை என்றால் மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இந்த எண்ணைக் கோத்து வைத்திருக்கிறார்கள். எண்ணைத் தொட்டால் அகராதி விரியும். அதே எண்ணைத் தேடச் சொன்னால் அந்தச் சொல் வரும் வசனங்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். கிரேக்கம் ஒரு எழுத்துகூடத் தெரியாதவருக்கும் இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் ஒரு எண் என்றால் ஒரு சொல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1492-ஐத் தேடிப் பாருங்கள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் நட்சத்திரத்தைக் ‘கண்டு’ வந்ததும் அதே எண்ணில் வரும், யோவான் 9:25-ல் பார்வை பெற்றவன் ‘இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்’ என்று சொன்னதும் அதே எண்ணில் வரும். காண்பதையும் அறிவதையும் ஸ்ட்ராங் ஒரே தலைப்பில் போட்டுவிட்டார். இன்றைய அகராதிகள் பிரித்தே வைக்கின்றன. ‘சொல்’ என்ற வினையில் இதற்கு நேர்மாறு. லெகோ 3004, அதன் இறந்தகாலமான ஏப்பென் 2036. இயேசு சொன்னவை எல்லாம் வேண்டும் என்று 3004-ஐ மட்டும் தேடினால் பெரும் பகுதி விட்டுப்போகும்.

நான் வகுப்பில் திரும்பத் திரும்பக் காட்டுகிற உதாரணம் 5055, அதாவது டெலியோ. சிலுவையில் இயேசு சொன்ன ‘முடிந்தது’ இதன் ஒரு வடிவம்தான்: டெட்டெலெஸ்டாய். முதலில் அந்த வடிவத்தை மட்டும் தேடுங்கள். புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடம், யோவான் 19:28-ம் 19:30-ம். எல்லாம் முடிந்தது என்று அறிந்து, முடிந்தது என்று சொன்னார். இரண்டும் இரண்டு வசன இடைவெளியில். அடுத்து அதே வினையை நிறைவுற்ற காலத்தில் மட்டும் தேடுங்கள். இலக்கணக் குறியீடு சேர்த்த கிரேக்க மாட்யூல் (மென்பொருளில் தனியாக இறக்கிச் சேர்க்கும் நூல்) இருந்தால் இதைச் செய்யலாம். ராபின்சன் என்பவரின் இலக்கணக் குறியீட்டில் பி எழுத்து நிகழ்காலத்துக்கு (பிரசன்ட்) போய்விட்டதால் நிறைவுற்ற காலத்துக்கு (பெர்ஃபெக்ட்) ஆர் என்ற எழுத்தை வைத்திருக்கிறார்கள். அது தெரியாவிட்டால் தேடல் தப்பாகப் போகும். சரியாகக் கொடுத்தால் யோவானின் இரண்டு இடங்களோடு 2 தீமோத்தேயு 4:7-ம் வந்து நிற்கும்: ‘ஓட்டத்தை முடித்தேன்.’ பவுல் தன் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அதே வினை, அதே காலம். எந்த விளக்கவுரையையும் திறக்காமல் இதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

இப்போது வடிவத்தை விட்டுவிட்டு அகராதிச் சொல்லாகத் தேடுங்கள். பட்டியல் நீளும். மத்தேயு 17:24-ல் உங்கள் போதகர் வரிப்பணம் செலுத்துகிறதில்லையா என்று கேட்கிற இடத்திலும், ரோமர் 13:6-ல் வரி கொடுக்கிற இடத்திலும் இதே வினை. டெட்டெலெஸ்டாய் என்றால் கடன் தீர்ந்தது என்று ரசீதில் எழுதுகிற சொல் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். ரசீது விஷயம் பாப்பிரஸ் (பழங்கால நாணல் தாள்) ஆவணங்களைச் சேர்ந்தது. அதைப் புதிய ஏற்பாட்டுத் தேடலால் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. வரி செலுத்துவதற்கும் இந்த வினையைப் பயன்படுத்தினார்கள் என்பது வரைக்கும் தேடல் காட்டுகிறது. அதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் வேறு ஆதாரம் வேண்டும்.

மத்தேயுவில்தான் சுவாரசியமே இருக்கிறது. இயேசுவின் ஐந்து பெரிய போதனைகளும் ஒரே மாதிரி வாக்கியத்தோடு முடிகின்றன: ‘இயேசு இந்த வார்த்தைகளைச் சொல்லி முடித்தபோது.’ 7:28, 11:1, 13:53, 19:1, 26:1. சுவிசேஷத்தின் கட்டுமானமே அதில் தெரியும். ஆனால் கிங் ஜேம்ஸில் 5055-ஐத் தேடினால் நான்குதான் வரும். மலைப்பிரசங்கத்தின் முடிவைக் காணோம்! காரணம், கிங் ஜேம்ஸுக்கு அடிப்படையான டெக்ஸ்டஸ் ரெசெப்டஸ் என்ற பழைய அச்சுப் பிரதியில் 7:28-ல் இருப்பது சுன்டெலியோ என்ற கூட்டு வினை, எண் 4931. கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு உருவாக்கிய நெஸ்லே-ஆலண்ட் போன்ற ஆய்வுப் பதிப்புகளில் அங்கேயும் டெலியோதான். ஸ்டெப் பைபிளில் ஆய்வுப் பதிப்பைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் ஐந்தும் வரிசையாக நிற்கின்றன. ‘கிரேக்கத்தில் இத்தனை தடவை வருகிறது’ என்று யாராவது எண்ணிக்கை சொன்னால் எந்தப் பிரதியில் என்று கேட்பது இதனால்தான். நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் பரமண்டல ஜெபத்தின் முடிவில் ‘ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்’ என்ற வரியும், 1 யோவான் 5:7-ல் பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவரும் இருக்கிறார்கள். ஆய்வுப் பதிப்பை மட்டும் வைத்துத் தேடினால் இவற்றுக்கான கிரேக்கம் மூலவாக்கியத்தில் கிடைக்காது. ஆகவே இரண்டு வகைப் பிரதியையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகக் கிரேக்க எழுத்தில் தட்டித் தேடுவதில் ஒரு தொல்லை உண்டு. தியோஸ் (தேவன்) என்று அகராதியில் பார்த்தபடி தட்டினால் சில மென்பொருளில் பாதிக்குப் பாதிகூட வராது. சொல்லின் கடைசி அசையில் உள்ள மேல்குறி (அழுத்தக் குறி), வாக்கியத்தின் நடுவில் அடுத்த சொல் தொடரும்போது சாய்வு மாறிவிடும். கணினிக்கு அது வேறு எழுத்து. போதாக்குறைக்கு, பார்க்க ஒன்றேபோல் இருக்கும் மேல்குறி எழுத்துகளுக்கு யூனிகோடில் இரண்டு வேறு எண்கள். பழைய மாட்யூல்களில் கிரேக்கமே யூனிகோடில் இல்லை, தனி எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் தட்டி வைத்த தமிழ்க் கோப்பில் யூனிகோடு தமிழால் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை நன்றாகவே புரியும். மேல்குறிகளைப் பொருட்படுத்தாமல் தேடு என்ற வசதி இருந்தால் அதை முதலில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வசனத்தில் இருக்கிற சொல்லின் மேலேயே சொடுக்கித் தேடுவது நல்லது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். இன்னொன்று, மென்பொருள் காட்டுகிற எண்ணிக்கை வசனங்களுக்கா, சொல்லுக்கா என்று பாருங்கள். ஒரே வசனத்தில் இரண்டு முறை வந்தால் கணக்கு மாறும்.

அகராதிகளைப் பற்றி. ஸ்ட்ராங் அகராதியின் ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் வருகிற சொல் வரிசை, கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் எப்படியெல்லாம் மொழிபெயர்த்தார்கள் என்ற பட்டியல். அதை அர்த்தங்களின் பட்டியல் என்று நினைத்துப் பிடித்ததை எடுத்துக்கொள்வது ஆபத்து. ‘சபை’ என்று மொழிபெயர்க்கிற எக்ளீசியா என்றால் ‘வெளியே அழைக்கப்பட்டவர்கள்’ என்று சொல்லிப் பெரிய போதனையே கட்டுவார்கள். 1577-ஐத் தேடி அப்போஸ்தலர் 19-க்கு வாருங்கள். எபேசுவில் தியானாளுக்காகக் கூச்சல் போட்ட கூட்டமும் எக்ளீசியாதான், பட்டணத்தின் முறையான சங்கமும் எக்ளீசியாதான். தேயர் அகராதி இன்னும் விரிவானது, ஆனால் 1880-களின் நூல். எகிப்திய பாப்பிரஸ்கள் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தின் மேல் வெளிச்சம் போட்டதற்கு முந்தியது. ஸ்டெப் பைபிளில் வருகிற அபட்-ஸ்மித் அகராதி 1922-ஐச் சேர்ந்தது. சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான்.

தமிழுக்கு வந்தால், நான் வைத்திருக்கிற பழைய மொழிபெயர்ப்பு மாட்யூல்களில் ஸ்ட்ராங்ஸ் எண் கோக்கப்படவில்லை. தமிழ்ச் சொல்லைத் தொட்டுக் கிரேக்கத்துக்குப் போக வழியில்லை என்பது பெரிய குறை. கிரேக்கத்தில் தேடி, வந்த வசனங்களைப் பக்கத்துச் சன்னலில் தமிழில் வாசித்துக்கொள்கிறேன். யாராவது சுதந்திரமான உரிமத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கு எண் கோத்துக் கொடுத்தால் எத்தனையோ கிராமத்து ஊழியர்களுக்குப் பயன்படும்.

ஃபோனில் மைசோர்டு அவசரத்துக்கு நல்லது. எண்ணைத் தொட்டதும் சிறு பெட்டியில் அகராதி வந்துவிடும், நெட் வேண்டாம். ஆனால் நீண்ட பட்டியலை உட்கார்ந்து வாசிக்கப் பெரிய திரைதான் வசதி. லோகோஸ், அக்கார்டன்ஸ் போன்ற கட்டண மென்பொருள்கள் கிரேக்கம் முறையாகப் படித்தவர்களுக்கு. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பாவர்-டாங்கர் கிரேக்க அகராதி வேண்டும் என்றால் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தேடலின் முடிவுகளையும் உங்கள் குறிப்புகளையும் அவ்வப்போது சாதாரண உரைக் கோப்பாக வெளியே சேமித்து வையுங்கள். ஆய்வாளர்களே நம்பியிருந்த பைபிள்வொர்க்ஸ் என்ற வேதாகம மென்பொருள் நிறுவனம் 2018-ல் மூடப்பட்டது. மாட்யூல்களைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், நாம் எழுதிய குறிப்புகளை எங்கிருந்தும் இறக்க முடியாது.