"வெயில் நாட்டுக்கு கெட்டி என்ஜின் ஆயில்தான்" என்று சொல்லி 680 வெள்ளியைப் பிடுங்கிவிட்டார்கள். காடி வைத்திருப்பவர்கள் கவனம்!

680 வெள்ளி. ஆத்திரம் அடங்கட்டும் என்று தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். பீடோர், தாப்பா பக்கம் நம்மவர்கள் இன்னொருவர் இதில் மாட்டக்கூடாது. கடைப் பெயரைப் போடவில்லை. டவுன் ஓரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப், கண்ணாடி அலமாரி நிறைய தங்க நிறப் போத்தல்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கேமரன் மலையில், தானா ராத்தாவில் சின்னம்மா வீட்டில் காதுகுத்து. மலை ஏறுவதற்கு முன்னால் ஆயில் மாற்றிவிடலாம் என்று போனேன். என் காடியின் கையேட்டில் 0டபிள்யூ-20 (0W-20) என்று அச்சடித்திருக்கிறது, ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்கிற எண் அது. அதைத்தான் கேட்டேன்.

கவுண்டரில் இருந்த பையன் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "அக்கா, நீங்க மேட்டு லயத்து மேஸ்திரி வீட்டுப் பொண்ணுதானே? எங்க தாத்தாவும் உங்கப்பாவும் ஒண்ணா பால் வெட்டினவங்க" என்றான். உண்மைதான். அந்தத் தோட்டத்தில் பால்மரம் போய் செம்பனை வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனாலும் அந்த உறவை நாம் விடுவதில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பக்கத்துக் கடையிலிருந்து தே ஓ ஐஸ் வரவழைத்துக் கொடுத்தான். இப்படி நடந்துகொள்கிற பையனை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த நம்பிக்கையை வைத்துத்தான் காசு பறித்தார்கள். எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களிடமும் இதையே சொல்வார்கள். "அக்கா, 0ன்னு போட்டிருக்கே, அது ஸ்னோ கொட்டுற நாட்டுக்கு. நம்ம வெயிலுக்கு அது தண்ணியா ஓடிடும். மலை ஏறுறப்ப என்ஜின் கடிச்சிரும். நம்ம கிளைமேட்டுக்கு 20டபிள்யூ-50தான் தாங்கும். இது ஸ்பெஷல், ஃபுல்லி சிந்தெட்டிக், வெளிநாட்டுச் சரக்கு." தங்க நிறப் போத்தலைக் கையில் கொடுத்துக் காட்டினான். பிறகு காடியைப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆயில் 320, ஃபில்டர் 40, என்ஜினை உள்ளே கழுவுகிற 'ஃப்ளஷ்' 90, 'ட்ரீட்மென்ட்' என்று ஒரு சின்ன டப்பா 230. மொத்தம் 680 வெள்ளி. ரிசீட்டில் 'செர்விஸ் லெங்காப்', அதாவது முழு செர்விஸ், என்று ஒரே வரி.

ரிங்லெட் வருவதற்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது. எப்போதும் சுலபமாக ஏறும் வளைவுகளில் ஆக்சிலரேட்டரை அமுக்க அமுக்க என்ஜின் இரைந்ததே தவிர காடி நகரவில்லை. மறுநாள் விடியற்காலை நல்ல குளிர். சாவியைத் திருப்பினால் டக்டக்கென்று இரும்பை இரும்பில் தட்டுகிற சத்தம், அடங்கவே நேரம் பிடித்தது. சித்தப்பா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்துவிட்டார்.

இறங்கினதும் ஈப்போவில் ஒரு செர்விஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே போர்மேன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப் ஸ்டிக்) உருவி, நுனியில் இருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தார். "இந்த என்ஜினுக்கு இவ்வளவு கெட்டியா யார் ஊத்தினா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினதுதான் இது.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும். 0டபிள்யூவை மைனஸ் 35 டிகிரியில் சோதிப்பார்கள், 20டபிள்யூவை மைனஸ் 15ல். கேமரன் மலையில்கூட அந்தக் குளிர் கிடையாது. ஆனால் அதற்காக 0டபிள்யூ நம் வெயிலில் தண்ணீராகிவிடாது. சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்வது பின்னால் இருக்கும் எண், அதை அளப்பது 100 டிகிரியில். ஓடிச் சூடான என்ஜினுக்குள் ஆயில் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கும், வெளியே பீடோர் வெயிலாக இருந்தாலும் சரி, பனி கொட்டினாலும் சரி. அந்த 100 டிகிரியிலேயே பின்னால் 50 போட்ட ஆயில் 20 போட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. ஆறிக் கிடக்கும்போது இன்னும் மோசம். 20க்கென்று செய்த பல என்ஜின்களில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை (வால்வு டைமிங்) மாற்றுவதும் அந்த ஆயிலின் அழுத்தம்தான். கெட்டி ஆயில் மேலே ஏறவே தாமதமாகும், பெட்ரோலும் கூடத் தின்னும். பழைய காடிகளின் கையேட்டில் வெளி வெப்பத்தைப் பார்த்து 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று அட்டவணையே போட்டிருப்பார்கள், அவற்றுக்கு அது சரி. என் காடியின் கையேட்டில் அப்படி எதுவும் இல்லை.

கடைக்குப் போன் போட்டேன். "புது ஆயில்க்கா, என்ஜின் பழகணும்." மறுபடி போட்டேன். "முதலாளி ஈப்போ போயிருக்காரு." வாட்சப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனேன். முன்னால் யாரும் இல்லாததால் நேராகப் பின்பக்கம் நடந்தேன். ஒரு சின்னப் பையன் நீல டிரம்மிலிருந்து ஜக்கில் பிடித்து, புனல் வைத்து, காலியான தங்க நிறப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தான். மூடிகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. உடனே படம் எடுத்துவிட்டேன். முதலாளி அதற்குள் எங்கிருந்தோ வந்து, "ரிசீட்டுல ஆயில் பேர் இருக்கா? எதை வச்சு கேக்கிறீங்க?" என்றார். தே ஓ ஐஸ் வாங்கிக் கொடுத்த அந்தப் பையன் தலையைத் தூக்கவே இல்லை. அன்றிரவு என் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டார்கள். 680 வெள்ளி வேலை செய்து சம்பாதித்த காசு. ஈப்போவில் அதை வடித்துச் சரியான ஆயில் ஊற்றினதற்குத் தனியாகக் கொடுத்தேன்.

எந்தெந்தக் காடிக்கு எந்த ஆயில் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். கையேட்டில் உள்ள ஆயில் நம்பரைப் படம் எடுத்து போனில் வையுங்கள், கிளைமேட் கதை சொன்னால் அதைக் காட்டுங்கள். சீல் உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும், காலிப் போத்தலை நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ரிசீட்டில் ஆயில் பெயரும் எண்ணும் எழுதாமல் காசு கொடுக்காதீர்கள். ஃப்ளஷ், ட்ரீட்மென்ட் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். தங்க நிறப் போத்தல் ஆயிலை நம்பிப் போட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் ரிசீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள்.