டாப்ரியோவா, ஈடிஎஃப்பா? லினக்ஸில் பாக்கெட்டுக்கு நேரம் குறிக்கும் இரு வழிகள்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2018ஆம் ஆண்டு 4.19 பதிப்பில் ஈடிஎஃப் வந்தது, அதற்கடுத்த 4.20இல் டாப்ரியோ வந்தது. இரண்டும் டிசி என்னும் நெட்வொர்க் கட்டளையால் அமைக்கப்படும் கியூடிஸ்க்குகளே, அதாவது வெளியே போகும் தரவுப் பாக்கெட்டுகளை வரிசைப்படுத்தும் கெர்னல் பகுதிகளே, என்பதால், ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் பாக்கெட் புறப்படும் நேரத்தை யார் தீர்மானிப்பது என்பதிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

ஈடிஎஃப்பில் அந்த முடிவு செயலியின், அதாவது தரவை அனுப்பும் அப்ளிகேஷனின், கையில் இருக்கிறது. செயலி தன் சாக்கெட்டில் (நெட்வொர்க்குக்குத் தரவு அனுப்பும் வாயிலில்) எஸ்ஓ-டிஎக்ஸ்டைம் வசதியை இயக்கி, ஒவ்வொரு பாக்கெட்டோடும் அது புறப்பட வேண்டிய நேரத்தை நானோவிநாடிக் கணக்கில் எழுதி அனுப்ப, கெர்னல் அவற்றை நேர வரிசைப்படி அடுக்கி வைக்கிறது. நேரம் கடந்து வந்து சேர்ந்த பாக்கெட்டைத் தயங்காமல் கைவிட்டுவிடுகிறது. நான் முதலில் இடறியது இங்கேதான். கியூடிஸ்க் டிஏஐ என்னும் அணுக்கடிகார நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, என் நிரல் வழக்கமான யூடிசி நேரத்தை எழுதியது. யூடிசி 37 விநாடி பின்தங்கியிருப்பதால், எல்லாம் நேரம் கடந்தவையாகக் கருதப்பட்டு, ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. டிசி புள்ளிவிவரத்தில் கைவிடப்பட்டவற்றின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

டாப்ரியோ, 802.1 கியூபிவி என்னும் நெட்வொர்க் தரத்தின்படி, நேர அட்டவணை ஒன்றை வைத்து ஒவ்வொரு வரிசையின் கதவையும் திறந்து மூடுகிறது. ஒரு மில்லிவிநாடிச் சுழற்சியில் முதல் 300 மைக்ரோவிநாடியைக் கட்டுப்பாட்டுத் தரவுக்கு ஒதுக்கினால், செயலி தன் முன்னுரிமையைச் சொன்னால் போதும், நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆயினும் ஜிகாபிட் இணைப்பில் முழு அளவு ஃபிரேம் (கம்பியில் செல்லும் வடிவிலான பாக்கெட்) ஒன்று கடக்க, அதாவது கதவு மூடுமுன் முடிய, ஏறத்தாழ 12 மைக்ரோவிநாடி ஆகும் என்பதை அட்டவணை போடுபவர் மறக்கலாகாது.

வன்பொருளே பெரும்பாலும் தேர்வை முடித்துவிடுகிறது. இன்டெல் ஐ210 நெட்வொர்க் கார்டு, குறித்த நேரத்தில் பாக்கெட்டை ஏவ வல்லது. கதவு அட்டவணை அதில் இல்லை. ஐ225இல் இரண்டும் உண்டு. 5.3 பதிப்பு முதல், டாப்ரியோ நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க ஈடிஎஃப் அதைச் செயல்படுத்தும் கூட்டு முறையும், 5.4 முதல் அட்டவணை முழுவதையும் கார்டிடமே ஒப்படைக்கும் முறையும் இருக்கின்றன. டாப்ரியோவின் வெறும் மென்பொருள் முறையைச் சோதனை மேசைக்கு அப்பால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கெர்னல் கதவைச் சரியாகத் திறந்தாலும், கார்டை இயக்கும் டிரைவர் நிரலிடம் போன பாக்கெட் கம்பியில் எப்போது ஏறும் என்பதற்கு அங்கே உறுதி கிடையாது.